பாட்டு எழுதியவருக்கு ஸ்ட்ரீமிங் காசு எந்த வழியாக வருகிறது?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் வரிகள் எழுத, ஒரு நண்பர் மெட்டுப் போட, இன்னொரு நண்பர் பாட, மூன்று பேரும் சொந்தக் காசைப் போட்டு ஒரு பாட்டை வெளியிட்டிருக்கிறார்கள். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் இரண்டிலும் சேர்த்து மூன்று லட்சம் தடவைக்கு மேல் ஓடியிருக்கிறது. பாட்டை இந்தத் தளங்களில் ஏற்றிக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் அனுப்பிய பணம் பாடியவர் கணக்கில் விழுந்தது. அவரும் நல்ல பிள்ளையாக மூன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார். இப்போது யாரோ, "மெக்கானிக்கல் ராயல்டின்னு ஒன்னு இருக்கு, எழுதினவங்களுக்குத் தனியா வரும்" என்று சொல்லப்போக, தம்பிக்குத் தூக்கம் போய்விட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் கொடுத்ததிலேயே அது அடங்கிவிட்டதா, இல்லையென்றால் எந்தக் கதவைத் தட்டுவது என்று கேட்கிறார்.

அடங்கவில்லை, தம்பி. டிஸ்ட்ரிபியூட்டர் கொடுத்தது ஒலிப்பதிவுக்கான காசு. பாட்டுக்கான காசு வேறு வழியில் போகிறது. நீங்கள் பதிந்துகொள்ளாததால் அது உங்களைத் தேடி வரவில்லை.

பினாங்குக்காரரிடம் இதை விளக்குவது சுலபம். ஜார்ஜ்டவுனில் நிலம் ஒருவர் பேரில் இருக்கும். அதன்மேல் வீடு கட்டிக்கொண்டு இன்னொருவர் காலங்காலமாகத் தரை வாடகை கொடுத்துக்கொண்டிருப்பார். பாட்டும் அப்படித்தான். மெட்டும் வரியும் நிலம். ஸ்டூடியோவில் பாடிப் பதிந்த கோப்பு வீடு. அந்த வீட்டைத்தான் 'மாஸ்டர்' என்கிறார்கள். நாளைக்கு வேறொருவர் அதே பாட்டை வேறு குரலில் பாடி வெளியிட்டால் அது புது வீடு, ஆனால் நிலம் உங்களுடையதுதான். தரை வாடகை உங்களுக்குத்தான் வர வேண்டும். பாடியவர் நேர்மையாகப் பிரித்துக் கொடுத்தது வீட்டு வாடகையில் ஒரு பங்கு. தரை வாடகையை யாரும் இன்னும் வசூலிக்கவே இல்லை.

அந்தத் தரை வாடகையும் இரண்டாகப் பிரியும். பாட்டைப் பொதுமக்களுக்கு ஒலிபரப்புவதற்கு ஒன்று, பாட்டைப் படியெடுப்பதற்கு ஒன்று. படியெடுப்பதற்கானதுதான் மெக்கானிக்கல். நம் மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவிலும் மறுபதிப்பு செய்வதும் பொதுமக்களுக்குக் கொண்டுசேர்ப்பதும் தனித்தனி உரிமைகளாகத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஸ்ட்ரீமிங்கில் எங்கே படியெடுக்கிறார்கள் என்று கேட்பீர்கள். சர்வரில் ஒரு படி, கேட்பவர் போனில் தற்காலிகமாக ஒரு படி, ஆஃப்லைனில் கேட்கப் பதிவிறக்கினால் இன்னொரு படி. ஆகவே ஒரே ஸ்ட்ரீமில் இரண்டு உரிமையும் வேலை செய்கின்றன.

பெயர் ஏன் மெக்கானிக்கல் என்றால், அது பியானோ சுருள் காலத்துப் பெயர். துளை போட்ட காகிதச் சுருளை மாட்டினால் பியானோ தானே வாசிக்கும். அந்தச் சுருள் பாட்டின் பிரதி ஆகாது என்று 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மறு ஆண்டே அங்குள்ள நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றி, இப்படி இயந்திரத்தால் வாசிக்கப்படும் ஒவ்வொரு பிரதிக்கும் பாட்டுக்காரருக்கு 2 சென்ட் என்று வைத்தது. சுருள் போய், இசைத்தட்டு போய், கேசட், சிடி எல்லாம் போய்விட்டன. பெயர் மட்டும் நிற்கிறது.

இனி காசு எப்படிப் பிரிகிறது என்பது. ஒரு ஸ்ட்ரீமுக்கு இத்தனை காசு என்று எங்கும் விலைப்பட்டியல் கிடையாது. அப்படி எழுதிப் போட்டிருந்தால் நம்பாதீர்கள். ஒரு நாட்டில் ஒரு மாதம் வந்த சந்தா, விளம்பர வருமானம் ஒரு குடத்தில் சேரும். அந்தக் குடத்திலிருந்து, மொத்த ஓட்டத்தில் உங்கள் பாட்டு எவ்வளவு ஓடியதோ அந்த அளவுக்கு உங்களுக்கு. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உரிமைக்காரர்களுக்குப் போகிறது. அதில் பெரும்பகுதி ஒலிப்பதிவு வைத்திருப்பவருக்கு. பாட்டுக்காரர் பங்கு எவ்வளவு என்பதை அமெரிக்காவில் அரசு நியமித்த நீதிபதிகள் உட்கார்ந்து தீர்மானித்து வெளியே சொல்கிறார்கள்: 2023இல் வருமானத்தில் 15.1 விழுக்காடு, ஆண்டுக்குக் கொஞ்சமாக ஏறி 2026இல் 15.3, 2027இல் 15.35. கணக்கில் வேறு சில அளவுகோல்களும் உண்டு, அவற்றுக்குள் போக வேண்டாம். முக்கியமானது, இந்த 15 சொச்சமும் முழுக்க மெக்கானிக்கல் இல்லை. ஒலிபரப்பு உரிமைக்கான தொகையை முதலில் கழித்துவிட்டு மீதம் இருப்பதே மெக்கானிக்கல்.

ஒரு ஆறுதல். ஆண்டுக்கு 1,000 தடவை ஓடாத பாட்டுக்குக் காசு இல்லை என்று ஸ்பாட்டிஃபை 2024இல் கொண்டுவந்த விதி ஒலிப்பதிவுக் காசுக்குத்தான். பாட்டுக்கான ராயல்டியை அது தொடுவதில்லை. உங்களுக்கு மூன்று லட்சம் இருக்கிறது, கவலை இல்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

சரி, எந்தக் கதவு? முதல் கதவு இங்கேயே, கோலாலம்பூரில் இருக்கிறது. எம்.ஏ.சி.பி., அதாவது 1989இல் தொடங்கிய பாடலாசிரியர், இசையமைப்பாளர், பதிப்பாளர் சங்கம். பி.பி.எம். என்பது ஒலிப்பதிவு நிறுவனங்களுக்கு, ஆர்.பி.எம். என்பது பாடியவர், வாசித்தவருக்கு. மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொண்டு தவறான அலுவலகத்தில் பாரம் நிரப்பிவிட்டு வந்தவர்கள் என் நண்பர் வட்டத்திலேயே இரண்டு பேர். நீங்களும் மெட்டுப் போட்ட நண்பரும் எம்.ஏ.சி.பி.யில் தனித்தனியாகச் சேர வேண்டும். ஒருவர் சேர்ந்தால் இருவருக்கும் வந்துவிடாது. சேரும்போது கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில் எந்தெந்த உரிமையை ஒப்படைக்கிறீர்கள், இணையவழி மறுபதிப்பு உரிமை அதில் உண்டா, எந்தெந்த நாட்டுக்கு என்பதைக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டு "எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க" என்று சொல்பவர் பேச்சைக் கேட்டால் பிறகு வேறு இடத்தில் கையெழுத்துப் போடும்போது இடிக்கும். ஒரே உரிமையை இரண்டு பேருக்கு எழுதிக் கொடுக்க முடியாது.

சேர்ந்ததும் உங்களுக்கு ஐ.பி.ஐ. எண் என்று ஒன்று வரும். பாட்டுக்காரருக்கு அதுதான் மைகார்டு, அடையாள அட்டை. உலகத்தில் எந்தச் சங்கத்தில் தேடினாலும் அந்த எண்ணை வைத்துத்தான் நீங்கள் நீங்கள்தான் என்று கண்டுபிடிப்பார்கள். பாட்டைப் பதிந்ததும் அதற்கு ஐ.எஸ்.டபிள்யூ.சி. எண் கிடைக்கும், 'டி' என்ற எழுத்தில் தொடங்கும். டிஸ்ட்ரிபியூட்டர் கொடுத்த ஐ.எஸ்.ஆர்.சி. எண் வேறு, அது வீட்டு எண். நில எண்ணும் வீட்டு எண்ணும் ஒன்றோடொன்று கட்டப்பட வேண்டும். பாதிப் பேருக்குக் காசு வராததற்குக் காரணம் அந்தக் கட்டு இல்லாததுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் இது நம்மவர்களுக்கென்றே உள்ள தலைவலி. என் அடையாள அட்டையில் அப்பா பெயருக்கு முன்னால் 'ஏ/எல்' (இன்னாரின் மகன் என்பதற்கான மலாய்ச் சுருக்கம்) இருக்கிறது, எல்லாருக்கும் இருப்பதுபோல. வங்கிக் கணக்கிலும் அப்படியே. சங்கத்துப் பாரத்தில் முதலெழுத்தை முன்னால் போட்டு எழுதினேன். சிடி உறையில் புனைபெயர். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் என் நண்பன் தட்டெழுதியபோது அந்த 'ஏ/எல்'லையும் சேர்த்து, சாய்கோட்டை விட்டுவிட்டு, ஒரே சொல்லாக அடித்துவிட்டான். கணினிக்கு நான் நான்கு பேர். வெளிநாட்டுச் சங்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த 'அல்' என்ன, குடும்பப் பெயரா, அரபுப் பெயரா என்று எப்படித் தெரியும்? பாட்டின் தலைப்பும் அப்படித்தான். 'மழை' என்று தலைப்பு வைத்தால் ஒருவர் 'இஸட் எச்' போடுவார், நம் ஊர்ப் பள்ளியில் படித்தவர் வெறும் 'எல்' போடுவார், இன்னொருவர் கடைசியில் 'ஐ'க்குப் பதில் 'ஒய்' போட்டு மலாய் ஆக்கிவிடுவார். பதியும்போது ஒரு எழுத்துக்கூட்டலை முடிவு செய்து மூன்று பேரும் அதையே எங்கும் எழுதுங்கள். ஏற்கெனவே வெளியான எழுத்துக்கூட்டல்களை மாற்றுத் தலைப்பு என்று கேட்கும் கட்டத்தில் ஒன்று விடாமல் சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவது கதவு அமெரிக்கா. அங்கே ஸ்ட்ரீமிங் மெக்கானிக்கலுக்கென்றே எம்.எல்.சி. என்று ஒரு அமைப்பு இருக்கிறது. 2018இல் வந்த சட்டத்தின்படி அமைக்கப்பட்டு 2021 ஜனவரி 1 முதல் வேலை செய்கிறது. ஸ்பாட்டிஃபை, ஆப்பிள், அமேசான் போன்றவை அமெரிக்காவில் ஓடும் எல்லாப் பாட்டுக்கும் ஒட்டுமொத்த உரிமம் வாங்கி, மெக்கானிக்கல் பணத்தை அங்கே கட்டிவிடுகின்றன. யாருடைய பாட்டு என்று தெரியாவிட்டாலும் கட்ட வேண்டும். தொடங்கிய வேகத்தில், 2021 பிப்ரவரியில், உரிமையாளர் அடையாளம் தெரியாமல் நிறுவனங்களிடம் தேங்கிக் கிடந்த பழைய பணம் மட்டும் ஏறக்குறைய 42 கோடியே 40 லட்சம் டாலர் அங்கே வந்து சேர்ந்தது. அதில் நம் ஆட்கள் பாட்டும் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

எந்த நாட்டுக்காரரும் சேரலாம். கட்டணம் இல்லை, கமிஷனும் இல்லை. நடத்தும் செலவை ஸ்ட்ரீமிங் நிறுவனங்களே ஏற்கின்றன. பதிப்பாளர் யாரிடமும் உரிமையைக் கொடுக்காமல் நீங்களே வைத்திருந்தால் நேரடி உறுப்பினராகலாம். சேருவதற்கு முன்னால் அவர்களுடைய பொதுத் தேடல் பக்கத்தில் பாட்டைத் தேடிப் பாருங்கள். உங்கள் பாட்டு ஒலிப்பதிவாக மட்டும் இருந்து, எழுதியவர் கட்டம் காலியாக இருந்தால், காசு அங்கே படுத்திருக்கிறது என்று பொருள். சேர்ந்த பிறகு "இந்த ஒலிப்பதிவு என்னுடைய இந்தப் பாட்டுத்தான்" என்று நீங்களே இணைத்துக் காட்ட ஒரு வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள், தானாக இணையும் என்று காத்திருக்காதீர்கள். மாதாமாதம் பணம் பிரிக்கிறார்கள், ஒரு மாதத்து ஓட்டத்துக்கான பணம் அந்த மாதம் முடிந்து இரண்டரை மாதம் கழித்து வரும். கேட்பார் இல்லாத பணத்தைக் குறைந்தது மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதற்கப்புறம் சந்தைப் பங்குப்படி மற்றவர்களுக்குப் பிரித்துவிடலாம், அதாவது பெரிய பதிப்பாளர்களுக்கு.

வரியைப் பற்றி யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே முழு இரட்டை வரி ஒப்பந்தம் கிடையாது. ஆகவே அமெரிக்க வரிக்காக வெளிநாட்டவர் நிரப்பும் டபிள்யூ-8பென் பாரத்தை நீங்கள் எவ்வளவு அழகாக நிரப்பினாலும் ராயல்டியில் 30 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்புவார்கள். ஒப்பந்தச் சலுகை கேட்கும் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். எதையாவது எழுதினால் பாரம் திரும்பி வரும். இங்கே நம் வருமான வரியில், நாட்டில் வசிக்கும் தனிநபருக்கு இசைப் படைப்பு ராயல்டியில் ஆண்டுக்கு 20,000 வெள்ளி (ரிங்கிட்) வரை விலக்கு உண்டு. அந்த வரம்பைத் தாண்டிய தமிழ்ப் பாடலாசிரியரை நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை. பார்த்தால் சாப்பாடு வாங்கிக் கொடுப்பேன்.

எம்.எல்.சி. கொடுப்பது அமெரிக்காவில் ஓடியதற்கு மட்டும். இங்கேதான் ஆசையைக் கொஞ்சம் அடக்க வேண்டும். பாடிய நண்பரிடம் சொல்லி, கேட்டவர்கள் எந்தெந்த நாட்டில் என்று காட்டும் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். நம் தமிழ்ப் பாட்டுக்கு மலேசியா முதலில், பிறகு சிங்கப்பூர், தமிழ்நாடு, இலங்கை என்றுதான் பெரும்பாலும் இருக்கும். மூன்று லட்சத்தில் நூற்றுக்கு நான்கு பேர் அமெரிக்கா என்று வைத்துக்கொண்டால் 12,000 தடவை. அதற்கு மெக்கானிக்கல் சில டாலர்கள்தான், அதிலும் பாதி மெட்டுக்காரருக்கு, மீதத்தில் வரி. அரை மணி நேரத்தில் பதிந்துவிடலாம் என்பதாலும், இந்த ஒரு பாட்டோடு நீங்கள் நிறுத்தப் போவதில்லை என்பதாலும் செய்யுங்கள் என்கிறேன்.

மற்ற நாடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்ச் சேர முடியாது. ஜெர்மனி, பிரான்சில் ஒரே சங்கம் இரண்டு உரிமையையும் சேர்த்து வசூலிக்கும். பிரிட்டனில் ஒலிபரப்புக்கு ஒன்று, படியெடுப்புக்கு ஒன்று. இந்தியாவில் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது. எம்.ஏ.சி.பி. இந்தச் சங்கங்களோடு பரஸ்பர ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கும் வழியில் ஒரு பகுதி வந்து சேரும், மெதுவாக, ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகும். இன்னொரு வழி பப்ளிஷிங், அதாவது பாட்டுரிமை, நிர்வாக நிறுவனம். உரிமை உங்களிடமே இருக்கும், அவர்கள் உலகம் முழுக்கப் பதிந்து வசூலித்துக் கொடுத்து, பொதுவாக 10 முதல் 25 விழுக்காடு எடுத்துக்கொள்வார்கள். சில டிஸ்ட்ரிபியூட்டர்களே இதைத் தனிச் சேவையாக விற்கிறார்கள். பாட்டை ஏற்றியபோது சேர்ந்த கணக்கில் இது அடங்காது, தனியாக டிக் போட்டு, தனியாகக் கையெழுத்திட வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், ஒரே ஒரு பாட்டுக்கு நிர்வாக நிறுவனம் தேவையில்லை, எம்.ஏ.சி.பி.யும் எம்.எல்.சி.யும் போதும். பத்துப் பதினைந்து பாட்டு சேர்ந்து, சிங்கப்பூர், இந்தியா, ஐரோப்பா என்று ஓட்டம் பரவியிருந்தால் யோசிக்கலாம். ஒரு விதிவிலக்கு யூடியூப். நம் மக்கள் அதிகம் கேட்பது அங்கேதான், ஆனால் வீடியோவில் ஓடும் பாட்டுக்கான பணத்தை எம்.எல்.சி. வசூலிப்பதில்லை. அங்கே பாட்டின் உரிமையைக் கோர வைத்திருக்கும் கருவி தனி ஆளுக்கு எளிதில் கிடைக்காது, இப்படிப்பட்ட நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும். உங்கள் பாட்டு ஸ்பாட்டிஃபையைவிட யூடியூபில் பல மடங்கு ஓடியிருந்தால் என் கணக்கு மாறும். நிர்வாக நிறுவனத்துக்குப் போனால், எம்.எல்.சி. பதிவையும் அவர்களே செய்வார்கள். நீங்களும் செய்து அவர்களும் செய்தால் மோதும்.

மோதினால் என்ன ஆகும் என்பதற்கு என் கதை. சில வருடங்களுக்கு முன் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடையில் உட்கார்ந்து, பில்லின் பின்பக்கத்தில் பங்கு எழுதினோம்: மெட்டு எனக்கு 50, வரி நண்பனுக்கு 50. கையெழுத்துக்கூடப் போட்டோம், ரசம் கொட்டி மஞ்சளாகிப்போன அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. நாங்கள் அப்படியே பதிந்துவிட்டோம். பாட்டு வெளியாவதற்கு முன் நடுவில் எட்டு வரி ராப் சேர்த்தோம். ராப் எழுதியவர் தன் நிர்வாக நிறுவனத்திடம் எனக்கு 20 என்று சொல்லி, அவர்களும் பதிந்துவிட்டார்கள். மொத்தம் 120. நூறைத் தாண்டியதும் பணம் முழுக்க நின்றுவிட்டது, அவருக்கு மட்டுமல்ல, எங்களுக்கும். ஆளுக்கொரு மின்னஞ்சல், ஆளுக்கொரு கோபம், சரியாக ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. கடைசியில் 40, 40, 20. அதை அன்றைக்கே பில்லில் எழுதியிருக்கலாம்.

இணையத்தில் பீட், அதாவது தயாராக விற்கும் பின்னணி இசை, வாங்கிப் பாட்டு செய்பவர்களுக்கும் இதுவே. முப்பது டாலர் கொடுத்து வாங்கியதால் மெட்டு முழுக்க உங்களுடையது ஆகிவிடாது. அந்த உரிமத்தைத் திறந்து படித்தால், பாட்டின் பப்ளிஷிங்கில் பாதி பீட் செய்தவருக்கு என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். அவர் பெயரைச் சேர்க்காமல் 100 என்று பதிந்தால், ஒருநாள் அவர் வந்து பதிவார்.

தம்பிக்கு இன்னொன்று, இந்தப் பாட்டுக்காக அல்ல, அடுத்ததற்காக. இது நல்லா ஓடியதால் இனி தயாரிப்பாளர் யாராவது 500 வெள்ளி, 1,000 வெள்ளி கொடுத்து எழுதச் சொல்வார்கள். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, ஒருவர் சொல்லிச் செய்வித்த படைப்பின் உரிமை, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், செய்யச் சொன்னவருக்கே மாறிவிட்டதாகக் கொள்ளப்படும். எழுதியவர் என்று பெயர் போடக் கேட்கும் உரிமை உங்களிடம் இருக்கும், காசு கேட்கும் உரிமை போய்விடும். நான் இருபத்தைந்து வயதில் ஒரு கேசட் கம்பெனிக்கு ஆறு பாட்டுக்கு மெட்டுப் போட்டு, பாட்டுக்கு ஐம்பது வெள்ளி வாங்கிக்கொண்டு, தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அதில் இரண்டு இன்றைக்கும் திருமண மண்டபங்களில் ஓடுகின்றன. ஆகவே முன்பணம் வாங்குமுன் வாட்ஸ்அப்பில் போதாது, ஒரு தாளில், "பாடல் வரிகளின் பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கும், ஒலிப்பதிவு தயாரிப்பாளருடையது" என்று இரண்டே வரி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மறுக்கிற தயாரிப்பாளர் இருப்பார். அப்போது 500 வெள்ளிக்கு எழுதுவதா, வேண்டாமா என்பது உங்கள் முடிவு. உரிமையோடு சேர்த்து விற்கிறோம் என்று தெரிந்து விற்றால் விலையைக் கூட்டியாவது கேட்கலாம்.

இப்போதைக்கு மூன்று பேரும் ஒருநாள் சாயங்காலம் உட்காருங்கள். பங்கை எழுதுங்கள், தலைப்பின் எழுத்துக்கூட்டலை முடிவு செய்யுங்கள், ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணைப் பாடியவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கைத் திறந்து பாட்டின் விவரத்துக்குள் போனால் இருக்கும், பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கலந்தது. பார்த்து எழுதாமல் நகலெடுத்து ஒட்டச் சொல்லுங்கள். சுழியத்தையும் 'ஓ'வையும் மாற்றி எழுதி ஆறு மாதம் தேடிய ஆளைத் தெரியும்.